ஸ்க்ரூவைத் திருகும் முன் டியூபைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தையல் கடைகளுக்கு நூல்கண்டு, ஊக்கு, பட்டன், லைனிங் துணி, சேலை ஃபால்ஸ் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் ஏற்காடு ஏறுகிறேன். ஒண்டிக்கடை பக்கம் நான்கு கடை, நாகலூரில் ஒன்று, செம்மநத்தத்தில் வீட்டோடு தைக்கிற பெண்கள் இரண்டு பேர். என் வண்டி 100 சிசி, பழைய கார்பரேட்டர் வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் பை தொங்கும், முன்னால் டேங்க் மேல் ஒரு மூட்டை.

மலைப்பாதையைப் பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் வேகம் வேண்டாம், ஹெல்மெட் போடுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள் என்று எழுதுகிறீர்கள். அத்தனையும் சரி. அதோடு சேர்த்து, சுண்டு விரல் தடிமன் கூட இல்லாத ஒரு ரப்பர் டியூபைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். சென்ற மாதம் அந்த டியூப் கழன்ற வண்டியில் நான் மலை இறங்கினேன். அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைச் சர்வீசுக்கு விட்டு எடுத்தேன். ஆயில் மாற்றினார்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், வாட்டர் வாஷ் அடித்தார்கள். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. வேலை நிறைய நிற்கும்போது யார் கைக்கும் இந்தத் தவறு வரும். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினேன். அஸ்தம்பட்டி சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் கத்துகிறது. ஆக்சிலேட்டரை முழுதாக விட்டாலும் ரேஸ் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கோரிமேட்டில் ரோட்டோரக் கடை ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த தம்பி சத்தத்தைக் கேட்டதும், "ரேஸ் அதிகமா வெச்சுட்டாங்கண்ணா" என்று கார்பரேட்டர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டார். சத்தம் அடங்கியது. இருபது ரூபாய் கொடுத்தேன். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகவில்லை. சரியாகிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன்.

அடிவாரம் தாண்டி ஏற ஆரம்பித்ததும் இழுவை இல்லை. சுமையோடு இரண்டாவது கியரில் வழக்கமாக ஏறுகிற இடங்களில் எல்லாம் முதல் கியர் கேட்டது. வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் பொசுக்கென்று ஆஃப் ஆனது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம், மேலே போகப் போகக் காற்று லேசாகும், அதனால் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த வண்டி அந்த ஏற்றத்தை ஆயிரம் தடவை ஏறியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் ஏன் திணற வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கணக்கு முடித்து மதியம் இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினேன். மலை இறங்குகிறவர்களுக்குத் தெரியும், பாதி வேலையை இன்ஜின்தான் செய்யும். ஏறின கியரிலேயே இறங்கு என்று என் அப்பா சைக்கிளிலிருந்து நான் மோட்டார் வண்டிக்கு மாறிய நாளிலேயே சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால், யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி நிதானமாக இறங்கும். அன்றைக்கு அந்தப் பிடி இல்லை. சூடேறியதும் ரேஸ் மறுபடி ஏறிக்கொண்டது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கிறது, வண்டி முன்னால் தள்ளுகிறது. சைலன்சரில் பட், பட்பட் என்று வெடிக்கிறது. இன்ஜின் செய்ய வேண்டிய வேலையையும் பிரேக்கே செய்ய வேண்டியதாயிற்று. நான்கைந்து வளைவு தாண்டியதும் பின் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. லைனர் கருகுகிற வாடை வந்தது. எதிரே பஸ் ஏறி வருகிறது. ஒரு வளைவில் கொய்யாப்பழமும் வேகவைத்த கடலையும் விற்கிற ஆயா ஒருவர் கடை வைத்திருந்தார். அங்கே ஓரம்கட்டி நிறுத்தினேன். கை நடுங்கியது.

ஆயாவின் பேரன் அங்கே உட்கார்ந்திருந்தான். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படிக்கிறவன், லீவுக்கு வந்திருக்கிறான். நான் கேட்காமலே எழுந்து வந்தான். அவன் முதலில் செய்தது, என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது. "பத்து நிமிசம் போவட்டுங்க, டிரம்மு ஆறட்டும், இன்ஜினும் சூடா இருக்குது" என்றான்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் குனிந்து பார்த்தேன். இன்ஜினுக்கு அடியில் கறுப்பாக ஒரு டியூப் நுனி தொங்கியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, "இதுதான் கழன்டிருக்குது போல தம்பி" என்றேன்.

"இல்லீங்க ஐயா, அது தொங்கத்தானுங்க வேணும். அதை எதுலயாச்சும் சொருகுனாத்தான் வம்பு."

அடியில் தொங்கியது கார்பரேட்டரின் ஓவர் ஃப்ளோ டியூப். உள்ளே பெட்ரோல் அளவுக்கு மேல் போனால் சூடான இன்ஜின் மேல் சிந்தாமல் தரைக்குப் போவதற்காக வைத்தது. கழன்று கிடந்த டியூபோ மேலே டேங்குக்கு அடியில், ஃப்ரேம் கம்பிக்கும் வயர்களுக்கும் நடுவே சுருண்டு மறைந்திருந்தது. நின்று பார்த்தால் தெரியாது. அந்தப் பையன் டியூபைத் தேடவில்லை, டியூப் இல்லாத மூக்கைத் தேடினான். செல்போன் வெளிச்சத்தைக் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற வளைந்த குழாய் மேல் அடித்தான். அங்கே பித்தளை நிறத்தில் ஒரு சின்ன நிப்பிள், டியூப் மாட்டுகிற மூக்கு அதுதான். அதன் அடிப்பாகம் முழுக்க ஆயிலும் தூசியும் கறுத்துக் கிடக்க, நுனியில் அரை விரற்கடை அளவுக்கு மட்டும் மோதிரம் போட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. பல வருடம் ரப்பர் மூடியிருந்த இடம் அது, தூசி படவில்லை. பிறகு டேங்குக்கு அடியில் கை விட்டு டியூபை இழுத்துக் காட்டினான். அதன் வாய் லேசாக விரிந்திருந்தது. கம்பிக் கிளிப் அதிலேயே தொங்கியது, கிளிப் அழுத்தியிருந்த வரியும் ரப்பரில் பதிந்திருந்தது. டியூபைச் சும்மா விட்டால் அது தானாகவே வளைந்து அந்த நிப்பிள் பக்கம்தான் முகம் காட்டியது. ரப்பர் ஒரே வளைவில் பல வருடம் இருந்தால் அந்த வளைவை மறக்காது. எங்கள் தொழிலில் மடித்து வைத்த துணியைப் பிரித்தாலும் மடிப்புக் கோடு போகாது, அது போல.

வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். ரேஸ் கத்தியது. அந்த நிப்பிள் பக்கம் காதை வைத்தால் உஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம். சூடான பாகத்தில் கை படாமல் விரலால் அந்த ஓட்டையை மூடினான். இன்ஜின் சத்தம் அந்த நொடியே இறங்கி, தடுமாறி ஆஃப் ஆகிவிட்டது. "பாத்தீங்களா, ஸ்க்ரூவ எறக்குனது யாரு? இந்த ஓட்டைல காத்து வர்றதுக்குத் தோதா அத எறக்கி வெச்சிருக்காங்க" என்றான். காலையிலிருந்து என்னை ஆட்டிவைத்த அத்தனைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் விடை கிடைத்தது.

டியூபின் நுனி வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. நீளம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் வெடித்த துண்டை மட்டும் வெட்டலாம் என்றான். என் பையில் புது நூல் கத்தரி டஜன் கணக்கில் இருக்கிறது, ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். கோணாமல் நேராக ஒரே வெட்டு. ஆயா டீக்கு வைத்திருந்த வெந்நீரை ஒரு டம்ளரில் கேட்டு வாங்கி நுனியை அதில் முக்கினான். ரப்பர் இளகியதும் உதறித் துடைத்து, கிளிப்பை முதலிலேயே டியூபில் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு, நிப்பிளில் திருகித் திருகி ஏற்றினான். அந்த நிப்பிளில் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு முண்டு இருக்கிறது. டியூப் அந்த முண்டைத் தாண்டி அடிவரை போக வேண்டும், கிளிப் முண்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். முண்டின் மேலேயே கிளிப்பை விட்டால் ஒரு குழியில் விழுந்து எழுந்ததும் வழுக்கி வந்துவிடும். கடைசியில் டியூபை லேசாக இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ பக்கம் போனான், காலையில் தளர்த்திய இரண்டு சுற்றையும் பழையபடி ஏற்றினான். இன்ஜின் தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது. மீதி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே, பிரேக்கை அதிகம் தொடாமல் இறங்கினேன்.

அந்த டியூப் என்ன வேலை செய்கிறது என்று பிறகு தெரிந்தவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புகை குறைவதற்காக சைலன்சர் பக்கம் கொஞ்சம் சுத்தமான காற்றை விடுகிற ஒரு வால்வு இந்த மாதிரி வண்டிகளில் இருக்கிறது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போது அந்தக் காற்று போகக் கூடாது. போனால் எரியாமல் மிஞ்சி வந்த பெட்ரோல் சைலன்சரில் வெடிக்கும். அந்த நேரத்தில் வால்வை மூடுவது இன்ஜின் உறிஞ்சுகிற வேகம்தான். அந்த உறிஞ்சலை வால்வுக்குக் கொண்டுபோவது இந்தச் சின்ன டியூப். அது கழன்றால் இரண்டு கேடு ஒன்றாக வருகிறது. வால்வு மூடாததால் பட்பட் சத்தம். திறந்து கிடக்கிற நிப்பிள் வழியே கணக்கில்லாத காற்று உள்ளே போவதால் ரேஸ் ஏறும், இழுவை போகும், மலை இறங்கும்போது இன்ஜின் பிடிக்காது. சமதளத்தில், அஞ்சு ரோட்டிலும் நாலு ரோட்டிலும் ஓட்டுகிறவருக்கு இது வெறும் தொந்தரவுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவருக்கு அப்படி இல்லை.

மற்ற டியூப்களையும் ஒவ்வொருவரும் தம் வண்டியில் ஒருமுறையாவது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தரையைப் பார்த்துத் தொங்குகிறவை பெரும்பாலும் தொங்குவதற்கென்றே வைத்தவை. கார்பரேட்டர் ஓவர் ஃப்ளோ ஒன்று. டேங்க் மூடியைச் சுற்றித் தேங்குகிற மழைத்தண்ணீரை வெளியே விடுவது இன்னொன்று, அதை அடைத்தால் தண்ணீர் பெட்ரோலில் இறங்கும். ஆசிட் ஊற்றுகிற பழைய பேட்டரியாக இருந்தால் அதற்கு ஒரு காற்றுக் குழாய் உண்டு, அதை மடக்கி அடைத்தால் பேட்டரி வீங்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் நுனி அடைத்த குட்டி டியூப் சில வண்டிகளில் இருக்கும், அதில் ஆயில் சேர்ந்தால் வடித்துவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். இரண்டு முனையும் எதிலாவது சேர்ந்திருக்க வேண்டியவை வேறு. பெட்ரோல் டியூப், நான் சொன்ன இந்த வேக்கம் டியூப், இன்ஜினிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகிற தடித்த பிரீதர் டியூப். பிரீதர் கழன்றால் ஆயில் ஆவி வெளியே கசியும். அந்த ஆயில் பின் டயரில் பட்டால் வளைவில் சாய்க்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எது எதுவென்று தெரியாவிட்டால் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை, ஆயில் பிசுக்கு, இரண்டும் இல்லாத வெறும் ரப்பர் வாடை என்று பாதி விவரத்தை மூக்கே சொல்லிவிடும்.

பெட்ரோல் டியூப் கழன்றிருந்தால் டேங்குக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். பீடி சிகரெட் பற்றவைக்கிறவரைப் பக்கத்தில் விடக் கூடாது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி டிரிப் டியூபையும் கொத்தனார் வாட்டர் லெவல் டியூபையும் பெட்ரோலுக்கு மாட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக் கட்டையாகிவிடும், ஒருநாள் நிப்பிளோடு இருக்கிற இடத்தில் வெடிக்கும். கட்டுக்கம்பி போட்டு முறுக்குவதும் வேண்டாம், அது ரப்பரை அறுக்கும். பசை ஒட்டுவது அதைவிட மோசம். அன்றைக்கு அந்த டியூப் கிடைக்காமலே போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அந்தப் பையனைக் கேட்டேன். "அந்த நிப்பிள மட்டும் காத்து போவாம மூடிட்டு மெதுவா ஊட்டுக்குப் போலாமுங்க. மறுநா புது டியூப் மாட்டிரோணும்" என்றான்.

2020 ஏப்ரலிலிருந்து, புகையைக் குறைக்கிற புது விதிப்படி செய்த பி.எஸ்.6 வண்டிகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெட்ரோலை டேங்கிலிருக்கிற பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, டயருக்கு நாம் அடிக்கிற காற்றைவிட அதிகம். சாவியைத் திருப்பினாலே பம்ப் ஓடும். அந்தப் பெட்ரோல் டியூபில் வெந்நீர் வைத்தியம் எல்லாம் கிடையாது, தெரிந்தவர்தான் தொட வேண்டும். டிஸ்க் பிரேக் ஹோஸும் அப்படித்தான். அதில் ஈரம் தெரிந்தால் ஓட்டவே கூடாது, மலையில் எந்த இடமாக இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

என் வேண்டுகோள் மூன்று பேரிடம். சர்வீஸ் கடைக்காரர்களே, ஏர் ஃபில்டரைக் கழற்றி மாட்டிய பின்னும் பிரஷர் வாஷ் அடித்த பின்னும் டேங்குக்கு அடியில் ஒருமுறை கை விட்டு ஒவ்வொரு டியூபையும் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். ரேஸ் ஏறியிருக்கிறது என்று யாராவது வந்தால், காற்று எங்கே போகிறது என்று பார்க்காமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கோரிமேட்டுத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு அடிவாரத்துக்கு முன்பே என் வண்டி சரியாகியிருக்கும்.

மாவட்ட நிர்வாகம் அடிவாரச் சோதனைச் சாவடி பக்கத்தில் படம் போட்ட ஒரு பலகை வைக்க வேண்டும். வேகத்தைக் குறை என்பதோடு, ஆக்சிலேட்டரை விட்டதும் ரேஸ் இறங்குகிறதா என்று நின்று பார் என்றும் அதில் எழுதலாம். கோடை விழா சமயத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள்! இரண்டு பேர் உட்கார்ந்து, முதுகில் பையும் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ரேஸ் இறங்காத வண்டி அங்கேயே நிற்கட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் உங்களிடம். அந்தப் பையன் வெட்டிப் போட்ட டியூப் துண்டு என் மேசை மேல் ஊக்கு டப்பாவுக்குள் இருக்கிறது. வெடிப்பும் கிளிப் வரியும் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதையும், டியூப் இல்லாத நிப்பிளின் அந்தப் பளபளப்பு வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். நிப்பிள் படத்துக்காக என் வண்டியின் டியூபை மறுபடி கழற்றினேன், படம் எடுத்ததும் அடிவரை ஏற்றி மாட்டிவிட்டேன். கடிதத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை, அந்த இரண்டு படத்துக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தையல் சாமான் வியாபாரி ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.